பட்ஜியா, காக்டெயிலா? கடைக்குப் போகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது பட்ஜி என்னும் சின்னக் கிளி ஒரு ஜோடி. இரண்டு வருடம் கழித்து காக்டெயில் என்னும் இன்னொரு வகைக் கிளி ஒன்று. இரண்டு தடவையும் நான் செய்தது ஒரே தவறுதான். கடைக்குப் போய்ப் பறவையைப் பார்த்தேன், பிடித்துப்போனது, வாங்கி வந்தேன். வீட்டைப் பற்றி யோசித்தது அதற்கப்புறம்தான். அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதல் நான்கு படிகளும் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை. பறவை பிறகுதான் வரும்.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். உண்மையான லவ் பேர்டைக் கடைக்காரர்கள் ‘ஆப்பிரிக்கன்’ என்பார்கள். அது குட்டை வால் வைத்த வேறு பறவை, கடியும் பலமாக இருக்கும். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் இருந்தால் அது காக்டெயில்.

படி 1: பச்சைக்கிளி வேண்டாம்

‘பட்ஜி எதற்கு, நம்ம ஊர்ப் பச்சைக்கிளியே வளர்க்கலாமே’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி நம் நாட்டுக் கிளிகள் எதையும் வீட்டில் அடைத்து வளர்க்கக் கூடாது. கழுத்தில் வளையம் உள்ள சாதாரணப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி எல்லாமே இதில் அடங்கும். சந்தையில் விற்கும் குஞ்சுகள் மரப்பொந்திலிருந்து எடுத்து வந்தவை. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தவை. நமக்குக் கிடைப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. இன்னொரு வசதியும் உண்டு. கானூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வளர்ப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்த விதி, காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கானது. பட்ஜியும் காக்டெயிலும் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் முறை கிளி வளர்ப்பவருக்கு இந்த இரண்டைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: வீடு எத்தனை மணி நேரம் காலியாக இருக்கிறது?

ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைக் குறியுங்கள். தூங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து, கூண்டுக்கு அருகிலேயே நடமாடிக்கொண்டிருந்தால் ஒற்றைக் காக்டெயில் சந்தோஷமாக இருக்கும். தோளில் உட்கார்ந்துகொள்ளும், தலையைக் குனிந்து சொறிந்துவிடச் சொல்லும். ஆனால் ஆள் கண்ணில் படாவிட்டால் கூப்பிட ஆரம்பிக்கும். ஒரே மாதிரி, கூர்மையாக, பதில் வரும்வரை கூப்பிடும். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிட்டது கீழே வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்டது. கூட்டமாக வாழ வேண்டிய பறவை அது, தன் கூட்டத்தைத் தேடுகிறது. அதை அடக்க நினைப்பது சரியில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் கதவு திறக்கும் என்றால், இரண்டு பட்ஜி வாங்குங்கள். ஒன்றுக்கொன்று துணையாக நாள் முழுக்கக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருக்கும். சத்தம் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யும் சத்தம் இல்லை. இரண்டு ஆண் எடுப்பது நல்லது. இரண்டு பெண் சேர்ந்தால் சண்டை வரும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டை வரும்.

ஆயுளையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். பட்ஜி ஐந்து முதல் பத்து வருடம் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்டெயில் பதினைந்து, இருபது வருடம்கூட இருக்கும். மகள் ஐந்தாம் வகுப்பில் ஆசைப்பட்டாள் என்று வாங்கினால், அவள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்களோடுதான் இருக்கும்.

பேச்சு வேண்டுமா? ஆண் பட்ஜிதான் சரி. 1,728 சொற்கள் தெரிந்த பக் என்ற பட்ஜியின் பெயர் கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. குரல் சின்னது, வேகமாகப் பேசும், காது கொடுத்துக் கேட்டால்தான் புரியும். காக்டெயில் ஆண் விசிலில் கெட்டிக்காரன். பேச்சு ஓரிரு வார்த்தை வந்தால் பெரிது.

படி 3: தூசி (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. காக்டெயில், காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிக் குடும்பத்துப் பறவை. அந்தக் குடும்பத்துக்கு உடம்பில் ஒரு வகை இறகு உண்டு. அதன் நுனி உதிர்ந்து உதிர்ந்து மாவு போன்ற வெள்ளைத் தூளாகும். இறகைக் காக்க அது பூசிக்கொள்ளும் பவுடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜியிடமும் கொஞ்சம் தூசி உண்டு, ஆனால் இந்த அளவு இல்லை.

எங்கள் வீட்டில் காக்டெயில் வந்த பத்தாம் நாள் டிவி திரையில் விரலால் ஒரு கோடு போட்டேன். கோடு கறுப்பாகவும் சுற்றிலும் வெள்ளையாகவும் இருந்தது. முந்தின நாள்தான் துடைத்திருந்தேன். மூன்றாவது வாரம் அம்மாவுக்கு இரவு இருமல் தொடங்கியது. அம்மாவுக்கு வீசிங் பழைய தொந்தரவு, குளிர்காலம் என்று நினைத்து விட்டுவிட்டோம். இன்ஹேலர் ஒரு தடவை என்பது மூன்று தடவையானது. மருத்துவர்தான் ‘வீட்டில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா’ என்று கேட்டார். மதுரையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் பறவையைக் கொண்டுபோய் விட்டோம். அங்கே நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கும் சரியாகிவிட்டது. ஆனால் எங்களோடு பழகிய பறவையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன அந்தப் பயணம் இன்னும் மனதில் இருக்கிறது. உங்களுக்கு அப்படி நேர வேண்டாம் என்றுதான் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறேன்.

என்ன செய்யலாம்? காக்டெயில் வளர்க்கும் ஒரு வீட்டைக் கண்டுபிடியுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். கூண்டு இருக்கும் அறையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், முடிந்தால் பறவையைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் எவ்வளவு வெள்ளை ஒட்டுகிறது என்று பாருங்கள். வீட்டில் மூக்கடைப்பு, தும்மல் உள்ளவர்களையும் கூட்டிப்போங்கள். ஆஸ்துமா இருப்பவர்களை இந்தச் சோதனைக்கே கூட்டிப்போக வேண்டாம். அவர்கள் இருக்கும் வீட்டுக்குக் காக்டெயில் வேண்டாம் என்று நான் நேராகவே சொல்வேன். பட்ஜி என்றாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: கூண்டு முதலில்

பறவை வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டு வீட்டில் இருக்க வேண்டும். உயரத்தைவிட அகலம் முக்கியம், இவை பக்கவாட்டில் பறப்பவை. இரண்டு பட்ஜிக்கு இரண்டரை அடி அகலமாவது வேண்டும். ஒரு காக்டெயிலுக்கும் அதே அகலம் போதும், ஆனால் உள்ளே நின்று இரண்டு சிறகையும் முழுதாக விரித்தால் கம்பியில் இடிக்கக் கூடாது. கம்பி இடைவெளி பட்ஜிக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். காக்டெயிலுக்கு முக்கால் அங்குலம் வரை இருக்கலாம். கோபுரம் மாதிரி அழகாக இருக்கும் வட்டக் கூண்டை எடுக்காதீர்கள். ஒதுங்கி நிற்க அதில் மூலையே இல்லை.

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கிளை வையுங்கள். மருந்தடிக்காத மரத்திலிருந்து வெட்டி, கழுவி, வெயிலில் காயவைத்தது. ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருந்தால் பாதத்துக்கு நல்லது. சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது. கம்பியில் கட்டிவிட்டால் கொறித்துக்கொள்ளும். பட்ஜி வாங்கினால் கூடவே ஒரு மண்பானையையும் நீட்டுவார்கள். அது குஞ்சு பொரிப்பதற்கு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பட்ஜி தூங்கப் பானை தேவையில்லை.

கூண்டை எங்கே வைப்பது? சமையலறைக்குப் பக்கத்தில் கூடாது. நான்ஸ்டிக் தவா காய்ந்துபோய்ச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அந்த அறையில் கூடாது. கொசுவுக்குக் கூண்டின்மேல் கொசுவலை போட்டுவிடுங்கள். சீலிங் ஃபேன் இன்னொரு ஆபத்து. கூண்டுக் கதவைத் திறப்பதற்கு முன் ஃபேனை நிறுத்தி, இறக்கை முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபேன் சுவிட்சிலேயே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.

படி 5: கடையில் வயதைப் பார்ப்பது

எங்கள் முதல் பட்ஜிகளைக் ‘குஞ்சு சார், ஒரே வாரத்தில் கையில் ஏறும்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏழு மாதம் ஆகியும் கை உள்ளே போனால் மூலைக்கு ஓடின. நான்தான் பழக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, வாங்கும்போதே அவை முழுதாக வளர்ந்தவை, கூட்டமாகக் கிடந்து மனிதக் கையைப் பார்த்துப் பயந்தவை.

பட்ஜியின் நெற்றியைப் பாருங்கள். இளம் பறவைக்குக் கறுப்புக் கோடுகள் பின்தலையிலிருந்து மூக்குவரை (அலகுக்கு மேலே துளைகள் இருக்கும் சதைப்பகுதி) வந்து நிற்கும், வரி போட்ட தொப்பியை முன்னால் இழுத்துவிட்டதைப் போல. மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெறுமையாகி, வெள்ளையோ மஞ்சளோ ஆகிவிடும். கண்ணும் சொல்லும்: இளசுக்கு முழுக் கறுப்பு, வளர்ந்ததற்குக் கருவிழியைச் சுற்றி வெளிர் வளையம். வளர்ந்த பறவையில் மூக்கு நீலமென்றால் ஆண், பழுப்போ வெளிறிய நீலமோ என்றால் பெண்.

காக்டெயிலில் வயது கண்டுபிடிப்பது கடினம். சாதாரணச் சாம்பல் நிறப் பறவைகளில் ஆறு மாதத்துக்குப் பிறகு ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். பெண்ணுக்கு வாலின் அடியில் கோடுகள் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் எல்லாமே பெண்போலத்தான் தெரியும்.

நாமே மாவு கரைத்து ஊட்ட வேண்டிய குஞ்சை ‘ஹேண்ட் ஃபீட்’ என்று சிரிஞ்சோடு சேர்த்துக் கொடுப்பார்கள். புதியவர்கள் வாங்கவே வேண்டாம். மாவு கொஞ்சம் சூடானால் கழுத்திலுள்ள தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காமல் புளித்துவிடும். பறவை உங்கள் கண்முன்னே தானாகத் தினையைக் கொறித்து, தோலைத் துப்பித் தின்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ‘ரெக்கை வெட்டித் தரவா’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், பின்பக்க இறகு அழுக்காக இருந்தால், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தால், பரிதாபப்பட்டு அதை வாங்கி வராதீர்கள். அந்தக் கடையிலிருந்து வேறு பறவையும் வேண்டாம்.

படி 6: முதல் இரண்டு வாரம்

இதில் சொல்ல அதிகமில்லை. மூன்று நாள் சும்மா விடுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு தினைக் கதிரைக் கையில் பிடித்து நீட்டுங்கள், தானாக வரும். வெறும் தினை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். சாமை, கம்பு, முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் எல்லாம் பழக்குங்கள். காக்டெயிலுக்குச் சூரியகாந்தி விதை உயிர். ஆனால் அது கொழுப்பு, கைப்பழக்கத்துக்கான பரிசாக மட்டும் வையுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி அறவே கூடாது. பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி, மற்ற இடங்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

பின்சேர்க்கை 1: ‘முழு மஞ்சள் பட்ஜிக்கு நெற்றிக் கோடே தெரியவில்லையே’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி, நான் எழுத மறந்தது. முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் கோடு தெரியாது, ஆணின் மூக்கும் நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். சிவந்த கண்ணைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில திட்டு நிறப் பறவைகளுக்கு வயதானாலும் கண் வளையம் வராது. முதல் பட்ஜி என்றால் சாதாரணப் பச்சையையோ நீலத்தையோ எடுங்கள், ஏமாற வழியில்லை.

பின்சேர்க்கை 2: ‘நடு இரவில் காக்டெயில் கூண்டுக்குள் பைத்தியம் பிடித்தது போல அடித்துக்கொள்கிறது, காலையில் ரத்தம்’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். தங்கை வீட்டிலும் நடந்தது. பல்லி ஓடியதோ, வண்டி வெளிச்சம் சுவரில் விழுந்ததோ, இருட்டில் திடுக்கிட்டுப் பறந்து கம்பியில் மோதுகிறது. பட்ஜியிடம் இது குறைவு, காக்டெயிலிடம் சகஜம். நடக்கும்போது உடனே கையை உள்ளே விடாதீர்கள். விளக்கைப் போட்டு, தள்ளி நின்று, மெதுவாகப் பெயர் சொல்லிப் பேசுங்கள். மூச்சு நிதானமானதும் சிறகைப் பாருங்கள். புதிதாக முளைக்கும் இறகு ஒடிந்திருந்தால் ரத்தம் நிற்காமல் வரலாம். கார்ன்ஃப்ளார் (மக்காச்சோள) மாவை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மறுநாளிலிருந்து கூண்டை முழுதாக மூடாமல், ஒரு பக்கம் திறந்துவிட்டு, அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். தங்கை வீட்டில் அந்தப் பல்பு போட்ட நாளிலிருந்து இதுவரை ஒரு தடவைதான் திடுக்கிட்டிருக்கிறது. அதுவும் மின்சாரம் போன இரவில்.