கற்றல் விளைவை அளப்பது எப்படி? ஒரு பிளக் டாப்பை வைத்துப் பார்ப்போம்

சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுக்கச் சேர்ந்தால், கொஞ்ச நாளிலேயே ஒரு படிவம் மேஜைக்கு வந்துவிடும். ‘கற்றல் விளைவு’, ‘அடைவு விழுக்காடு’ என்று கட்டம் கட்டமாக இருக்கும். முதல் வருடம் நானும் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதி, 75, 80 என்று தோன்றிய எண்ணைப் போட்டுக் கொடுத்தவன்தான்.

அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரி 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கியது. நம் பக்கம் புதுச்சேரியில் 1995-இல், சென்னையில் 1996-இல். நம்மிடம் வருகிறவர்களில் பள்ளியைப் பாதியில் விட்டவர் உண்டு, காலை ஷிப்ட் முடித்து வருகிறவர் உண்டு. சான்றிதழோடு வெளியே போகும்போது அவர்கள் கைக்கு என்ன வேலை தெரியும்? அளக்க வேண்டியது அதைத்தான். நான் எலக்ட்ரிக்கல் எடுப்பதால் உதாரணமும் அங்கிருந்தே: ஒயர் முனையில் மாட்டும் பிளக் டாப்.

படி 1: விளைவை எழுதுங்கள்

“மாணவர் மின் பாதுகாப்பைப் புரிந்துகொள்வார்.” நான் முதலில் எழுதிய விளைவு இது. புரிந்ததா இல்லையா என்று மண்டையைத் திறந்தா பார்க்க முடியும்? கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல் வேண்டும். “மாணவர் மூன்று கோர் ஒயரைப் பிளக் டாப்பில் பாதுகாப்பாக இணைத்து, சோதித்துக் காட்டுவார்” என்று எழுதினால் பார்த்துவிடலாம். வினைச்சொல் தேடுகிறவர்களுக்கு அமெரிக்கக் கல்வியாளர் ப்ளூம் 1956-இல் வகுத்த கற்றல் படிநிலைகளும், 2001-இல் வந்த அதன் திருத்தமும் கைகொடுக்கும். ஒரு பாடத்துக்கு நான்கைந்து விளைவு போதும்.

படி 2: எதை வைத்து அளப்பது?

செய்து காட்டச் சொன்ன வேலைக்கு எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். வருகைப் பதிவு, ரெக்கார்டு நோட்டின் அழகு இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு மதிப்பெண் தருவது வேறு கணக்கு.

படி 3: ரூப்ரிக் போடுங்கள்

ரூப்ரிக் என்றால், எப்படிச் செய்தால் எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அட்டவணை. நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: இன்சுலேஷனைச் சீவும்போது செம்பு இழை வெட்டுப்படாமல் இருப்பது; நிறம் பார்த்து இணைப்பது (கடையில் சிவப்பு, கருப்பு, பச்சையும் கிடைக்கும்; பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சளும் கிடைக்கும்); எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுவது; பிளக் டாப்புக்குள் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைப் போடுவது; கடைசியில் சோதனை. எர்த் ஏன் நீளம் என்றால், யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தாலும் அதுதான் கடைசியாகக் கழல வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. கிளாம்ப்புக்கு நான் எழுதியது இது:

3 – ஒயரின் வெளியுறை கிளாம்ப்புக்குள் இருக்கிறது, இழுத்தால் அசையவில்லை.
2 – உறை உள்ளே இருக்கிறது. இழுத்தால் கொஞ்சம் நகர்கிறது.
1 – உள் ஒயர்களை மட்டும் கிளாம்ப் பிடித்திருக்கிறது, அல்லது கிளாம்ப்பே போடவில்லை.

‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும். இப்படி எழுதினால் இழுத்துப் பார்த்தாலே போதும். ஒரு விதிவிலக்கு: பேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்தும் இடம் மாறியிருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேறவில்லை என்றே போடுவேன். இதில் எனக்கு இரக்கம் கிடையாது.

தேர்வுக்கு முன் இன்னோர் ஆசிரியரைக் கூப்பிட்டு, ஐந்து பிளக் டாப்புகளை இருவரும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். எண்கள் எக்கச்சக்கமாக வேறுபட்டால் தப்பு ரூப்ரிக் வாசகத்தில் இருக்கிறது.

படி 4: கணக்கு

24 பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து துண்டு, மொத்தம் 15 மதிப்பெண். 22 பேர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டார்கள். பிரமாதம் என்று தோன்றும். மொத்தத்தை மறைத்துவிட்டு எக்செல்லில் பத்தி பத்தியாகப் பாருங்கள். கிளாம்ப்பில் நிலை 2-ஐயாவது தொட்டவர்கள் 10 பேர், அதாவது 42 விழுக்காடுதான். உங்கள் இலக்கு 70 என்றால் அந்தத் துண்டு தவறிவிட்டது. ஆள்வாரியாகக் கூட்டினால் இது கண்ணில் படவே படாது.

படி 5: அப்புறம்?

பலரும் படிவத்தை அனுப்பிவிட்டு இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் லேபிலும் ஒருமுறை கிளாம்ப் பத்திதான் சரிந்தது. பசங்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பயிற்சிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால், பாதிப் பிளக் டாப்பில் கிளாம்ப்பே இல்லை. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி ஸ்க்ரூவோடு எங்கேயோ போயிருந்தது. இல்லாத கிளாம்ப்பை எப்படிப் போட்டுப் பழகுவார்கள்?

படிவத்தில் ‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தில் இந்த மாதிரி காரணத்தையும், எத்தனை பிளக் டாப் புதிதாக வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். “கூடுதல் பயிற்சி அளிக்கப்பட்டது” என்று எழுதினால் அடுத்த வருடம் உங்களுக்கே ஒன்றும் விளங்காது. அடுத்த பேட்சுக்கும் இதே ரூப்ரிக்கை ஒரு வரி மாற்றாமல் வைத்துப் பாருங்கள். இடையில் வாசகத்தைத் திருத்திவிட்டால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.