கடைசி அறைக்கும் வைஃபை வர: டூயல் பேண்ட் ரவுட்டரைச் சரியாகப் பயன்படுத்தும் வழி

வீட்டில் ஏதோ ஓர் அறையில் மட்டும் வைஃபை இழுக்கவில்லை என்றால் உடனே எக்ஸ்டெண்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கையில் இருக்கும் டூயல் பேண்ட் ரவுட்டரை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில், அதாவது பேண்டுகளில், வைஃபை தருவது) இடம் மாற்றி, இரண்டு பேண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டில் இதைச் சரிசெய்து கொடுப்பது எனக்கு வழக்கம். நான் போகும் வரிசை இதுதான்: முதலில் இடம், அப்புறம் செட்டிங், கடைசியில்தான் செலவு.

எதையும் தொடுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். போனில் தெரியும் கோடுகளை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஓர் ஆப் போட்டுக்கொண்டால் சிக்னலின் பலத்தை டிபிஎம் (dBm) என்ற அலகில் காட்டும். மைனஸில் வரும் எண் அது; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 அருமை. -67 வரை வீடியோ காலுக்குத் தைரியமாக உட்காரலாம். -80ஐத் தொட்டுவிட்டால் சாதாரணப் பக்கம் திறக்கவே திணறும். 10 எண் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸில் ஹாலில் -45, படுக்கையறை வாசலில் -58, உள்ளே இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கும் மேஜையில் -78. அதே மேஜையில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் -64. இரண்டு பேண்டின் குணமும் இந்த எண்களிலேயே தெரிகிறது. 2.4இன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரைத் தாண்டி ஓரளவு போகும். ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெரிசல் போடுகின்றன. 5இல் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. சுவர் வந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

ஆகவே இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், தரையில், வீட்டின் ஒரு மூலையில் வைத்த ரவுட்டரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும்; மீன் தொட்டி மாதிரி தண்ணீர் நிறைந்த பொருள் உறிஞ்சிவிடும்; கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் இன்னும் மோசம். இணைப்பு வயர் வாசல் பக்கம் வருகிறது, அதனால் ரவுட்டரும் அங்கேயே இருக்கட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மோடமும் (வெளி இணைப்பு வயர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் மோடத்தை அங்கேயே விட்டு, ஒரு லேன் வயரில் ரவுட்டரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கேட் 5இ (Cat 5e) வகை லேன் வயர் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். வீட்டுக்குள் அது தாராளம்.

ஆண்டெனாவின் நுனியைச் சிக்னல் வராத அறையை நோக்கித் திருப்பி வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். குச்சியின் நுனி வழியாக அலை மிகக் குறைவாகத்தான் போகும், பக்கவாட்டில்தான் பரவும். ஒரே தளம் என்றால் செங்குத்தாக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

இனி செட்டிங். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போட்டால் பெரும்பாலும் ரவுட்டரின் பக்கம் திறக்கும். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பேண்டும் சேனல் என்ற சிறு பாதைகளாகப் பிரிந்திருக்கும். 2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. 3, 4 என்று நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்குத்தான். 5இல் 80 மெகாஹெர்ட்ஸ் நல்ல அளவு. சேனல் 36 முதல் 48 வரை எளிமையானவை. 52இலிருந்து 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் தென்பட்டால் ரவுட்டர் சேனல் மாறியே ஆக வேண்டும், இணைப்பு திடீரென்று அறுபடும்.

இரண்டு பேண்டுக்கும் ஒரே வைஃபை பெயரா, தனித்தனியா? நான் தனிப் பெயர் கட்சி. ஒரே பெயர் இருந்தால் சில போன்கள் ஹாலுக்குத் திரும்பி வந்த பிறகும் 2.4ஐ விடாது. தனியாக வைத்தால் டிவி, லேப்டாப், அருகில் இருக்கும் போன்களை 5இலும், பிரிண்டர், ஸ்மார்ட் பிளக், தூரத்து அறையில் இருப்பவற்றை 2.4இலும் நாமே பிரித்துவிடலாம். ஸ்மார்ட் பிளக்குகளில் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2-AES) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) வையுங்கள். பழைய டிகேஐபி (TKIP) முறை இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும்.

ரவுட்டரின் பவரை முழுதாக ஏற்றினால் தீருமா என்று கேட்பார்கள். தீராது. ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் போதாது, போன் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். போனின் ரேடியோ சின்னது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் அறை ஊமையாக இருந்தால் மட்டும் இன்னொரு கருவி. எக்ஸ்டெண்டர் என்றால் சிக்னல் செத்த அறையில் மாட்டாதீர்கள், பாதி வழியில், நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். ஒரே பேண்டில் வாங்கி அதே பேண்டில் அனுப்பும் கருவியில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். நான் விரும்புவது பழைய ரவுட்டரும் ஒரு வயரும். பழையதில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு (வயரில் வரும் இணைப்பை வைஃபையாக மட்டும் கொடுப்பது) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை, DHCP) அணைத்து, முகவரி மோதாமல் இருக்க, முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 ஆக்கி, வயரை வான் (WAN) துளையில் செருகாமல் லேன் (LAN) துளையில் செருகுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளதேதான்; சேனல் மட்டும் வேறு.