பொன்னாடையும் வாசகரும்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் தமிழ் நூல் வெளியீடுகளுக்குப் போய் வருபவர்களுக்கு நிகழ்ச்சியின் வரிசை மனப்பாடம்: தமிழ் வாழ்த்து, தலைமையுரை, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்ளுதல், உறையில் பணத்தோடு மேடையேறும் உறவினர்கள், பொன்னாடை, படம் பிடித்தல், கடைசியில் மீகூன் என்னும் அரிசிச் சேமியாவும் தேநீரும். அச்சுச் செலவைப் பெரும்பாலும் எழுத்தாளரே சுமக்கும் நம் சூழலில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பல நூல்கள் வெளிவந்தே இரா என்பதால், அதைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அன்று கைமாறிய படிகளின் எண்ணிக்கையை வாசகர்களின் எண்ணிக்கையாகக் கொள்வது பெரும் தவறு. நானும் செய்த தவறு. பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் என் சிறுகதைத் தொகுப்புக்கு நூறு ரிங்கிட் தந்த உறவினரின் வீட்டுக்கு மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்றபோது, நூல் தொலைக்காட்சிப் பெட்டியருகே பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் நின்றிருந்தது. "பத்திரமா வச்சிருக்கேன் தம்பி" என்றார். அவர் என்மேல் வைத்திருந்த அன்பில் குறையே இல்லை. அதைக் கதைக்குக் கிடைத்த வரவேற்பாக நான்தான் கணக்கெழுதிக்கொண்டேன்.

அடுத்த தவறு, போட்டி அறிவிப்பு வந்த பிறகே பேனாவைத் திறப்பது. நடுவர் யார் என்று விசாரித்து, அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றும் தோட்டப்புற வாழ்வையோ முதியோர் இல்லத்தையோ எடுத்துக்கொண்டு எழுதுபவர், பரிசு கிடைக்காத ஆண்டில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருக்கமானது. படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் பதித்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள்; இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள்; மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னர் பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில், முதல் பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளின் ஆர்வமோ குன்றவில்லை. பிள்ளைகளின் கிறுக்கலும் நாவலும் ஒன்றல்ல என்றாலும், பரிசை எதிர்நோக்கி எழுதுவதற்கும் எழுதியதற்குப் பரிசு வந்து சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

ஒருமுறை பரிசு வாங்கிவிட்டால் இனிக் கதவுகள் தாமாகத் திறக்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. இந்தோனேசியாவின் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்து 1946இல் தமிழகம் திரும்பிய ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்று 1959இல் நூலானது. ஆயினும் 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளர் கிடைக்காமல் பல்லாண்டுகள் காத்திருந்து 1972இல்தான் வெளிவந்தது. இன்று அதிகம் பேசப்படுவது பரிசு பெறாத இந்த இரண்டாம் நாவலே. மூன்றாவது நாவல் அவரிடமிருந்து வரவேயில்லை. வரவேற்பே இல்லாவிட்டால் நல்ல பேனாவும் ஓய்ந்துவிடக்கூடும். ஆகவே, "எனக்கு எந்தப் பாராட்டும் வேண்டாம், எனக்காகவே எழுதுகிறேன்" என்று வீம்பு பேசுவதும் தவறுதான். அப்படிச் சொல்பவர்கள் தங்கள் கதை ஞாயிறு பதிப்பில் வந்த காலையில் ஐந்து பிரதி வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாய் நிறையப் பாராட்டும் நண்பரிடமே கையெழுத்துப் படியை மீண்டும் மீண்டும் கொடுப்பதையும் விட்டுவிடலாம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் விடை வரும், "எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். செந்தூலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாசிப்பை நிறுத்திய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தருவார். வேறெதுவும் சொல்ல மாட்டார். பன்னிரண்டு பக்கக் கதையொன்றை அவரிடம் கொடுத்தேன். கோடு இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது, மழையை நான் வருணிக்கத் தொடங்கிய வரிக்கு நேர் கீழே.