போட்டிக் கடைக்கு ஆட்கள் என்ன சொல் தட்டி வருகிறார்கள்? தேடுசொல் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் என் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் கறித்தூள் வறுத்து, மில்லில் அரைப்பித்து, பைக்கற் போட்டு விற்கிறார். அவருக்கு ஒரு சிறிய இணையத்தளம் செய்துகொடுத்தவன் நான்தான். முகப்பில் ‘தரமான மசாலா உற்பத்திகள்’ என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. இரண்டு மாதம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அக்காதான் கேட்டார்: “தம்பி, இஞ்சை ஆர் மசாலா எண்டு கேக்கினம்? தூள் எண்டுதானே சொல்லுவினம்.”

அவ்வளவுதான் விஷயம். நாம் பொருளுக்கு வைக்கிற பெயர் ஒன்று, வாங்குகிறவர் கூகுளில் தட்டுகிற பெயர் வேறொன்று. அந்தச் சொல்லைத்தான் தேடுசொல் அல்லது கீவேர்ட் என்கிறார்கள். ஏற்கெனவே முதல் பக்கத்தில் வந்து நிற்கிற போட்டிக் கடைகளைப் பார்த்தால் அந்தச் சொற்களில் பாதி கையில் வந்துவிடும். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். காசு எதுவும் தேவையில்லை.

படி 1: போட்டியாளர் யார் என்று கண்டுபிடியுங்கள்

அக்காவைக் கேட்டால் சந்தியில் இருக்கிற மில்லைத்தான் காட்டுவார். அந்த மில்லுக்கு இணையத்தளமே கிடையாது. கூகுளில் அது நமக்குப் போட்டியில்லை. உங்கள் பொருளை வாங்குகிறவர் எப்படித் தட்டுவாரோ அப்படி நாலைந்து விதமாகத் தட்டிப் பாருங்கள். எங்களுக்கு வந்தவை கொழும்பு ஒன்லைன் கடைகள், இலண்டன், டொரன்டோத் தமிழ்க் கடைகள், சமையல் குறிப்புத் தளங்கள், யூடியூப் வீடியோக்கள். சமையல் தளம் தூள் விற்கவில்லைதான். ஆனாலும் நாம் நிற்கவேண்டிய இடத்தில் அது நிற்கிறதே, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சுப்பர்மார்க்கெட் தளங்களை விட்டுவிட்டு, உங்கள் அளவில் இருக்கிற மூன்று நான்கு பேரை மட்டும் எடுங்கள்.

இதில் ஒரு சிக்கல். நீங்கள் எப்போதும் பார்க்கிற தளங்களையே கூகுள் உங்களுக்கு மேலே தூக்கிக் காட்டலாம். அதனால் உங்கள் பழைய தேடல்களை நினைவில் வைக்காத இன்கொக்னிடோ சாளரத்தில் தேடுங்கள். அப்போதும் நீங்கள் இருக்கிற ஊரை வைத்துத்தான் விடை வரும். சுன்னாகத்தில் இருந்துகொண்டு கனடாக்காரர் பார்க்கிற பக்கத்தை அப்படியே பார்ப்பது கஷ்டம். நான் செய்தது சுலபமான வேலை: ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சியிடம் வட்ஸ்அப்பில் ஐந்து சொல் அனுப்பி, தேடிப் பார்த்து ஸ்கிரீன்ஷொட் அனுப்பச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு தங்கச்சி இல்லாத வீடு எது?

படி 2: அவர்களின் பக்கத்தை வாசியுங்கள்

அழகு பார்க்கப் போகவில்லை, சொல் பொறுக்கப் போகிறோம். முதலில் பக்கத்தின் தலைப்பு. தேடல் விடையில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். உதாரணத்துக்கு இப்படி ஒரு தலைப்பு இருக்கிறது என்று வையுங்கள்:

யாழ்ப்பாணக் கறித்தூள், வறுத்து அரைத்தது, 500 கிராம், கனடா முழுவதும் டெலிவரி

இதைப் பிரித்தால் ஊர், பொருள், பக்குவம், அளவு, கொண்டுபோய்க் கொடுக்கிற இடம் என்று ஐந்து துண்டு. கொப்பியில் ஐந்தையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்று கடைகளும் ‘வறுத்த’ என்று போட்டிருந்தால் அது சும்மா வந்த சொல் இல்லை. வெளிநாட்டில் பச்சைத் தூளும் வறுத்த தூளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாங்குகிறவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் நம்முடையதைப் பிரித்து எடுக்கிறார்.

ஒரு தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று பார்க்க, கூகுளில் ஆங்கில எழுத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் தள முகவரியை ஒட்டுங்கள். கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் வரிசையாக வரும். எந்தப் பொருளுக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறார்கள், எதற்குப் போடவில்லை என்பது அங்கே தெரியும். போடாதது எது என்பதைக் கட்டாயம் குறியுங்கள், பிறகு சொல்கிறேன்.

கணினியில் கன்ட்ரோல் யூ அழுத்தி பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற மூல நிரலைத் திறந்து, தளக்காரர் தன் தேடுசொற்களை எழுதிவைக்கிற ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ வரியைத் தேடச் சொல்லிச் சிலர் சொல்லித்தருவார்கள். அந்த வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுளே 2009இல் சொல்லிவிட்டது. நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 3: கூகுளையே சொல்ல விடுங்கள்

தேடுபெட்டியில் ‘யாழ்ப்பாணக் கறித்தூள்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே பரிந்துரைகள் விழும். ஆட்கள் உண்மையில் தேடுவதிலிருந்து வருபவை அவை. பிறகு இடைவெளிக்குப் பின்னால் ‘க’, ‘வ’, ‘வி’ என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டியல் மாறும். விடைப் பக்கத்தின் நடுவில் சில வேளை ஒரு கேள்விப் பெட்டி வரும், அடியில் தொடர்புள்ள தேடல்களும் வரும். அவற்றையும் எழுதுங்கள்.

நம் ஆட்களுக்கு இதை மூன்று தரம் செய்யவேண்டும். தமிழ் எழுத்தில் ஒருமுறை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி ஒருமுறை, கைத்தொலைபேசியில் பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள். முழு ஆங்கிலத்தில் ஒருமுறை. ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ ஊர்ப் பெயரையும் கறித்தூளையும் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள். அம்மா சொன்ன பெயரை அவர்களுக்குத் தமிழில் எழுதத் தெரியாது.

படி 4: கூகுள் கீவேர்ட் பிளானர்

இது கூகுளில் விளம்பரம் போடுகிற கூகுள் அட்ஸ் கணக்குக்குள் இருக்கிற கருவி. கணக்குத் திறக்கும்போது கார்ட் விவரம் கேட்கும், ஒரு விளம்பரத்தையும் உருவாக்கச் சொல்லும். உருவாக்கினால் உடனே நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் கார்ட்டில் காசு போகத் தொடங்கிவிடும். உள்ளே புதிய சொல் தேடுகிற இடத்தில் இரண்டு வழி உண்டு: சொல்லிலிருந்து தொடங்கலாம், இணையத்தளத்திலிருந்தும் தொடங்கலாம். இரண்டாவதைத் தெரிந்தெடுத்து, படி 1இல் எடுத்த போட்டிக் கடையின் முகவரியைப் போடுங்கள். முழுத் தளத்தையும் பார்க்கலாம், ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கலாம். அந்தப் பக்கத்தோடு பொருந்துகிற சொற்களைக் கூகுள் பட்டியலாகக் கொட்டும். நாட்டையும் மொழியையும் மாற்ற மறக்கவேண்டாம். அக்காவுக்கு இலங்கை, கனடா, பிரித்தானியா மூன்றும் தேவைப்பட்டன.

விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்கு மாதத் தேடல் எண்ணிக்கை 100 முதல் 1000 வரை என்கிற மாதிரி வீச்சாகத்தான் தெரியும். பரவாயில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். ‘போட்டி’ என்ற நிரலில் ‘அதிகம்’ என்று இருந்தால் பயப்படவேண்டாம். அது விளம்பரம் போடுகிறவர்களுக்குள் நடக்கிற போட்டி. சாதாரண தேடல் விடையில் முன்னுக்கு வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கூகுள் ட்ரெண்ட்ஸ் வேண்டுமானால் பாருங்கள். ஐந்து சொல் வரை ஒப்பிடலாம், எந்த மாதம் ஏறுகிறது என்று தெரியும். அது காட்டுகிற 0 முதல் 100 வரையான எண் தேடல் எண்ணிக்கை இல்லை, ஒன்றுக்கொன்று ஒப்பீடு. நம்மைப் போன்ற சின்னச் சொற்களுக்குப் பல வேளை போதிய தரவு இல்லை என்று கைவிரித்துவிடும்.

படி 5: மப்ஸில் எட்டிப் பாருங்கள்

ஆட்கள் நேரில் வருகிற கடை என்றால் (தையல், கேக், நல்லூர்ப் பக்கத்து விடுதி) இந்தப் படியை முதலிலேயே செய்யலாம். கூகுள் மப்ஸில் போட்டிக் கடையைத் திறந்து, பெயருக்குக் கீழே எந்த வகை என்று போட்டிருக்கிறார்கள் எனப் பாருங்கள். அப்புறம் விமர்சனங்களை வாசியுங்கள். வாடிக்கையாளர் தன் வாயால் சொல்கிற சொல் அங்கேதான் இருக்கும். விடுதி நடத்துகிறவர் ‘சொகுசு அறைகள்’ என்று எழுதுவார். தங்கியவரோ ‘கோயிலுக்கு நடந்தே போகலாம்’ என்று எழுதியிருப்பார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அறை தேடுகிறவருக்கு எது தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

சிலர் கடைப் பெயருக்குப் பின்னால் ஊர், பொருள், ‘மலிவு’ எல்லாவற்றையும் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். கூகுள் விதிக்கு அது முரண், பக்கத்தையே முடக்கிவிடலாம்.

படி 6: கழித்து எடுங்கள்

இப்போது கொப்பியில் அறுபது எழுபது சொல் இருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, தட்டுகிறவர் வாங்க வருகிறாரா, பார்த்துவிட்டுப் போக வருகிறாரா என்று கேளுங்கள். ‘கறித்தூள் செய்வது எப்படி’ என்பதை நிறையப் பேர் தேடுவார்கள், ஆனால் அவர்கள் தாங்களே வறுக்கப் போகிறவர்கள். போட்டிக் கடையின் சொந்தப் பெயர் உள்ள சொற்களையும் வெட்டுங்கள்.

பிறகு, படி 2இல் குறித்த, போட்டிக்காரர் பக்கம் போடாத பொருட்களுக்கு வாருங்கள். எங்களுக்கு அங்கேதான் புதையல் கிடைத்தது. நாங்கள் எடுத்த நான்கு தளங்களிலும் கறித்தூள் இருந்தது, சரக்குத்தூளுக்குத் தனிப் பக்கம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற தூள் அது. அக்கா சொல்லிவைத்தால் செய்துகொடுப்பார். தளத்தில் அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. தேடுகிறவர் தொகை கொஞ்சம்தான். ஆனால் தேடுகிறவர் கட்டாயம் வாங்குவார், அதுவும் அவசரமாக.

படி 7: பக்கத்தில் போடுங்கள்

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். தெரிந்தெடுத்த சொல் தலைப்பில் ஒருமுறை, முதல் பந்தியில் ஒருமுறை, படத்தின் விளக்கத்தில் ஒருமுறை வந்தால் போதும். தமிழ்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் ஒரே பக்கத்தில் இயல்பாகச் சேர்த்து எழுதலாம். ஒரே சொல்லை இருபது தரம் எழுதினால் வாசிக்கிறவர் ஓடிவிடுவார், கூகுளும் அதை விரும்பாது. போட்டிக்காரரின் வசனத்தை அப்படியே பிரதி எடுக்கவும் கூடாது. சொல் பொதுச் சொத்து, வசனம் அவருடையது.

கடைசியாகக் கூகுள் சர்ச் கொன்சோலில் உங்கள் தளத்தைப் பதியுங்கள், இலவசம். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். புதுப் பக்கத்துக்குச் சில வாரம் பொறுங்கள், நாளுக்கு நாலு தரம் திறந்து பார்க்காதீர்கள்.

ஐந்தாவது வாரம் அக்காவின் சர்ச் கொன்சோல் பட்டியலில் ஒரு வரி வந்தது. யாரோ ஆங்கில எழுத்தில் ‘பிள்ளப்பெத்த சரக்கு’ என்று பேச்சுவழக்கிலேயே தட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ‘சரக்குத்தூள்’ மட்டும்தான் இருந்தது. அன்றிரவே அக்கா இரண்டாவது வரியில் அதைச் சேர்க்கச் சொன்னார். உங்கள் பட்டியலிலும் இப்படி எதிர்பாராத சொல் வந்தால், அதை எடுத்துக்கொண்டு படி 3க்குத் திரும்பிப் போய்த் தட்டிப் பாருங்கள்.