டிசெபிலிட்டி பென்ஷனா? மொதல்ல பெட்டிய தொறந்து அந்த மெடிக்கல் போர்டு பேப்பர எடுங்க

டெல்லில செட்டில் ஆன நம்ம பட்டாளத்துக்காரங்க நெறைய பேருக்கு, சர்வீஸ்ல அடிபட்டதுக்கோ வியாதி வந்ததுக்கோ என்ன கெடைக்கும்னு சரியா தெரியல, ஆர்கே புரம் மலை மந்திர் பக்கம் ரெண்டு பேர் நின்னு பேசினா மூணு விதமா சொல்றாங்க. எங்க சித்தப்பா விஷயத்துல ஒரு வருஷமா அலைஞ்சதுல நான் கத்துக்கிட்டத எழுதறேன்.

சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து 2018ல வெளிய வந்தவரு. எடது காது சுத்தமா மந்தம், வீட்டுல டிவி சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேக்கும். "எனக்கு 30 பர்சென்ட் போட்டிருக்கான்டா, ஆனா பணம் மட்டும் வரல"ன்னு அஞ்சு வருஷமா சொல்லிட்டே இருந்தாரு, யாரும் அந்த பேப்பர வாங்கிப் படிக்கல. ஒரு நாள் டிரங்குப் பெட்டில இருந்து எடுத்துப் பாத்தா, ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது ஆர்எம்பி, சர்வீஸ விட்டு வரும்போது டாக்டருங்க செக் பண்ணி எழுதறது, பழுப்பேறின ஃபாரம், அதுல 30 பர்சென்ட், ஃபார் லைஃப்னு தெளிவா இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டேபிள்ல, சர்வீஸால வந்துச்சா? நோ. சர்வீஸால மோசமாச்சா? நோ. அவ்ளோதான், கத முடிஞ்சு போச்சு. இதத்தான் நானா (என்ஏஎன்ஏ, சர்வீஸால வரவும் இல்ல மோசமாகவும் இல்லன்னு அர்த்தம்)னு சொல்லுவாங்க, பர்சென்ட் எவ்ளோ இருந்தாலும் இந்த ரெண்டு கட்டத்துல ஒண்ணுலயாவது எஸ் இல்லன்னா டிசெபிலிட்டி எலிமென்ட், அதாவது ஊனத்துக்கான பணம், கெடையாது. அதனால நம்பர பாக்காதீங்க, அந்த டேபிள பாருங்க, பக்கத்துல காரணம்னு என்ன எழுதியிருக்காங்கன்னும் பாருங்க, பாதி கேஸ்ல ஒரு வரிக்கு மேல இருக்காது.

பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னா ரெக்கார்ட் ஆபீஸுக்கு லெட்டர் போடுங்க (மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன்). பதில் வரலன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ போட்டு உங்க சொந்த மெடிக்கல் போர்டு காப்பிய கேளுங்க.

இப்ப பணக்கணக்கு. டிசெபிலிட்டி பென்ஷன்ல ரெண்டு பாகம். சர்வீஸ் எலிமென்ட்ங்கறது நீங்க செஞ்ச சர்வீஸுக்கு, டிசெபிலிட்டி எலிமென்ட்ங்கறது ஊனத்துக்கு. 100 பர்சென்ட் ஊனம்னா கடைசி சம்பளத்துல 30 பர்சென்ட், அதுக்குக் கீழ அந்த விகிதப்படி, நார்மலா ரிட்டையர் ஆனவங்களுக்கு 20 பர்சென்ட்டுக்குக் கீழ போட்டா ஒண்ணும் கெடையாது. கடைசி சம்பளம்னா பேசிக், மிலிட்டரி சர்வீஸ் பே எல்லாம் சேத்து. சேந்து 40,000னு வச்சுக்கோங்க, 100 பர்சென்ட்டுக்கு 12,000. சித்தப்பா மாதிரி 30 போட்டவருக்கு 3,600 தானேன்னு தோணும், ஆனா ரவுண்டிங்னு ஒண்ணு இருக்கு, பிராட்பேண்டிங்னும் சொல்லுவாங்க. 50க்குக் கீழ இருந்தா 50 ஆக்கணும், 50ல இருந்து 75 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. அப்ப 3,600 இல்ல, 6,000. இதுக்கு மேல டிஆர், அதாவது பென்ஷன்காரங்களுக்கான அகவிலைப்படி, வேற. மொதல்ல இது ஊனத்தால வெளிய அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்னு வச்சிருந்தாங்க, 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் டேர்ம் முடிச்சு நார்மலா ரிட்டையர் ஆனவங்களுக்கும் உண்டுன்னு சொல்லிடுச்சு. எதிரி குண்டு, கண்ணிவெடின்னு அடிபட்டு வந்தவங்களுக்கு இது இல்ல, வார் இஞ்சுரி பென்ஷன், அது இதவிட ரொம்ப அதிகம்.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21ல இருந்து புது ரூல்ஸ் வந்திருக்கு, அதுக்கு அப்புறம் வெளிய வந்தவங்க இந்தக் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க. சர்வீஸ்லயே தொடர்ந்து இருந்துட்டு வர்றவங்களுக்கு இப்ப இம்பேர்மென்ட் ரிலீஃப்னு வேற பேர்ல வேற மாதிரி போட்டிருக்காங்க.

சரி, ரெண்டு கட்டத்துலயும் நோன்னு போட்டுட்டா விட்டுடணுமா? கூடாது. 2013ல தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னத ஞாபகம் வச்சுக்கோங்க: சேரும்போது எடுத்த மெடிக்கல்ல அந்த வியாதிய பத்தி எதுவும் எழுதலன்னா, பின்னாடி வந்தது சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. சித்தப்பா சேரும்போது ரெண்டு காதும் நல்லா இருந்துச்சு, அது அவர் ரெக்கார்ட்லயே இருக்கு. ரிஜெக்ட் லெட்டர் கையில கெடச்ச ஆறு மாசத்துக்குள்ள ஃபர்ஸ்ட் அப்பீல், அதுவும் போச்சுன்னா செகண்ட் அப்பீல். அதுக்கும் மேல ராணுவ வழக்குக்குன்னே இருக்கற ஆர்ம்ட் ஃபோர்ஸஸ் ட்ரிப்யூனல், டெல்லில பிரின்சிபல் பெஞ்ச் ஆர்கே புரத்துலயே இருக்கு, வக்கீல் இல்லாம நீங்களே கூட வாதாடலாம். லேட்டா ஆயிடுச்சுன்னா ஏன் லேட்டுன்னு எழுதி மன்னிப்பு மனு சேத்துக் குடுக்கணும், நாங்களும் அப்படித்தான் குடுத்தோம். அப்பீல்ல உருக்கமா எழுதாதீங்க, எந்த வருஷம் எந்த போஸ்டிங், ஃபயரிங் ரேஞ்ச்ல எத்தன நாள், மொதல்ல எப்ப சிக் ரிப்போர்ட் (உடம்பு சரியில்லன்னு ராணுவ டாக்டர்கிட்ட) போனேன், இதான் வேணும். எங்க மொத லெட்டர் நாலு பக்கம் கண்ணீர், அத கிழிச்சுப் போட்டுட்டு ஒன்றரை பக்கத்துல தேதி தேதியா எழுதினோம்.

ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ்ங்கற ஆன்லைன் போர்ட்டல்ல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தலவலி இருக்கு, அதான் இனிஷியல். பட்டாளத்துல முருகன் கே, ஆதார்ல கே முருகன், பான்ல அப்பா பேர் முழுசா முருகன் கருப்பையான்னு இருக்கும், மூணும் ஒரே ஆள்தான்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிபிஓல, அதாவது பென்ஷன் ஆர்டர்ல, என்ன பேர் இருக்கோ அதுக்கு மத்ததையெல்லாம் மொதல்லயே ஒத்துப்போக வச்சுடுங்க, மனைவி பேரையும் சேத்து, ஏன்னா நாளைக்கு ஃபேமிலி பென்ஷன்ல அவங்கதான் மாட்டுவாங்க. லைஃப் சர்டிஃபிகேட் வருஷா வருஷம், மறந்தா பென்ஷன் நின்னுடும்.

மத்தது சுருக்கமா. வைத்தியத்துக்கு இசிஹெச்எஸ்ங்கற முன்னாள் பட்டாளத்துக்காரங்க மருத்துவத் திட்டம், போர்ல ஊனமானவங்களுக்கு சேர்ற கட்டணம் கெடையாது. 100 பர்சென்ட் ஊனமாகி கூட ஒரு ஆள் எப்பவும் வேணும்னு மெடிக்கல் போர்டு எழுதினா அதுக்கு கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தனியா உண்டு. கை கால் இழந்தவங்களுக்கு புனேல 1944ல இருந்து நடக்கற ஆர்ட்டிஃபிஷியல் லிம்ப் சென்டர் இருக்கு. வேலைக்கு டிஜிஆர் (முன்னாள் பட்டாளத்துக்காரங்களுக்கு மறுபடி வேலைக்கு உதவற ஆபீஸ்), உதவித்தொகைக்கு கேந்திரிய சைனிக் போர்டு, ரெண்டும் ஆர்கே புரம் வெஸ்ட் பிளாக்தான், ஒரே நாள்ல முடிச்சுடலாம். வருமான வரி விஷயத்துல ஊனத்தால வெளிய அனுப்பப்பட்டவங்களுக்கு முழு விலக்கு. நார்மலா ரிட்டையர் ஆனவங்களுக்கு இல்லன்னு 2019 ஜூன்ல சர்க்குலர் போட்டு அது கோர்ட் வரைக்கும் போச்சு, ஆகவே ஆடிட்டர்கிட்ட கேக்காம விலக்கு காட்டாதீங்க.

இன்னொண்ணு, மிலிட்டரி போர்டு குடுத்த பர்சென்ட்ட காட்டி மாற்றுத்திறனாளி கார்டு வாங்க முடியாது, அதுக்கு யூடிஐடி தனியா அப்ளை பண்ணி சிவில் ஆஸ்பத்திரில திரும்ப செக்கப், 40 பர்சென்ட் வந்தாத்தான் பெரும்பாலான சலுகை. சித்தப்பா அங்க போய் உக்காந்தப்ப பேர கூப்பிட்டது காதுல விழாம டோக்கன் தாண்டிப் போயிடுச்சு, கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க.