நாய் உள்ள வீட்டில் புல்தரைக்கு உரமும் மருந்தும் இடுவது எப்படி?

யூரியா என்றால் பயப்படுகிறவர்கள்கூட, "இயற்கை உரம்தானே" என்று ஆமணக்குப் புண்ணாக்கைத் தாராளமாகத் தூவுகிறார்கள். நாய்க்குப் பெரிய ஆபத்து அதில்தான். எண்ணெய் பிழிந்த பிறகும் ரிசின் என்ற நஞ்சு புண்ணாக்கில் தங்கிவிடும். எலும்புத்தூளும் சேர்ந்தால் அந்த வாசத்துக்கு நாய் மண்ணைத் தோண்டியே தின்னும்.

1. வாங்கும்போது
நர்சரியில் விற்கும் கலவை உரத்தில் ஆமணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேண்டாம், நன்கு மக்கிய தொழுவுரம் போதும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணையும் வேண்டாம். தீனி கலந்திருப்பதால் நாய் விரும்பித் தின்னும், சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். இரவில் டார்ச் அடித்து, கையுறையோடு நத்தையைப் பொறுக்கி உப்புநீரில் போடுங்கள். பூச்சிமருந்து டப்பாவில் கடும் நஞ்சைக் குறிக்கும் சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம் இருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

2. இடும் முன்
தண்ணீர்க் கிண்ணம், பந்து, எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாயை வீட்டுக்குள் விடுங்கள்.

3. யூரியா
ஒரு சென்ட்டுக்கு 400 கிராம். இரண்டு மடங்கு மணலில் கலந்து, புல்லில் ஈரம் இல்லாதபோது சீராகத் தூவுங்கள். குவியலாக விழுந்த இடத்தில் புல் கருகும், நாயும் நக்கும். உடனே குருணை கரையும்வரை தண்ணீர் விடுங்கள். குட்டை தேங்கக் கூடாது, அதை நாய் குடித்துவிடும். மறுநாள் வெளியே விடலாம்.

4. தெளிப்பு மருந்து
காற்றில்லாத காலையில், லேபிளில் உள்ள அளவில் மட்டும் தெளியுங்கள். "கொஞ்சம் கூடப் போட்டால் என்ன" என்பது இங்கே உதவாது. லேபிளில் காத்திருக்கும் நேரம் இல்லையென்றால் 24 மணி நேரம், நிழலான இடத்துக்கு 48. வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்னும் காயவில்லை. மறுநாள் பனி விழுந்தாலும் காய்ந்த மருந்து திரும்ப நனையும். அதனால் சில நாள் நாயின் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, ஈரத்துணியால் துடையுங்கள். நாய் பாதத்தை நக்கினாலும் மருந்து வயிற்றுக்குப் போகும்.

5. தின்றுவிட்டால்
உப்புநீர், பால், எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். உப்பே தனி நஞ்சாகும். ஆமணக்கு என்றால் வாந்தி, இரத்தப்போக்கு தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். மேலே பட்டிருந்தால் கையுறை போட்டு ஷாம்பூவால் கழுவுங்கள். டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் எடுத்துப்போங்கள். எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கினால் அட்ரோபின் ஊசி தேவைப்படலாம். எந்தப் பூச்சிமருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் முடிவெடுக்க முடியும்.