விண்டோஸ் லொகின் திரையில் கணக்குப் பெயர்களை மறைப்பது எப்படி?

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தியடியில், கம்பஸ் பெடியள் நிறைந்து நிற்கிற ஒரு போட்டோக்கொப்பிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்து கொம்பியூட்டர் திரும்ப எழும்புகிறது. திரையின் இடது கீழ் மூலையில் முதலாளியின் பெயர், மகளின் பெயர், கணக்கு எழுத வருகிறவரின் பெயர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. சிலர் தங்கள் போன் நம்பரையே கணக்குப் பெயராக வைத்திருப்பார்கள். பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல் வைக்கிற பழக்கமும் எங்களை விட்டுப் போகவில்லை. பிறகென்ன, பாதிக் கதவைத் திறந்து வைத்த மாதிரித்தான்.

கீழே உள்ள வழி விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும்.

மறைக்க முதல்

பெயர்கள் மறைந்த பிறகு, ஒவ்வொரு முறையும் பெயரையும் கடவுச்சொல்லையும் நீங்களே அடிக்க வேண்டும். திரையில் தெரியும் பெயரும் விண்டோஸ் உள்ளே வைத்திருக்கும் பெயரும் ஒன்றுதான் என்று நம்பிவிடாதீர்கள். கண்ட்ரோல் பனலில் பெயரை மாற்றினால் வெளியில் தெரிவது மட்டும் மாறும், உள்ளே பழைய பெயரே இருக்கும். கொமாண்ட் புரொம்ட் என்ற, கட்டளை அடிக்கிற பெட்டியைத் திறந்து, 'ஹூ ஆம் ஐ' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல் அடித்து என்டரைத் தட்டுங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் நீங்கள் அடிக்கவேண்டிய பெயர். அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போகிறவர்கள் முழு மின்னஞ்சல் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாலு இலக்கப் பின் நம்பரை மட்டும் நம்பிக் காலம் தள்ளுகிறவர்கள்தான் இதில் மாட்டுப்படுவார்கள். கணக்குப் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், லொகின் திரையிலும் தமிழ் விசைப்பலகை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மறைக்கும் வேலை

1. அட்மின் கணக்கில் இருந்தபடி, ஸ்டார்ட் மெனுவில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் தேடித் திறவுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. அனுமதி கேட்டால் 'யெஸ்'.

2. இடப்பக்கம் ஹெச்கீ லோக்கல் மெஷின், சொப்ட்வெயர், மைக்ரோசொப்ட், விண்டோஸ், கரண்ட் வேர்ஷன், பொலிசீஸ், சிஸ்டம் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 'விண்டோஸ் என்.ரி.' என்று இன்னொன்று நிற்கும், அதற்குள் போகாதீர்கள். கரண்ட் யூசர் என்ற பிரிவுக்குள்ளும் இதே மாதிரி ஒரு பாதை உண்டு. எங்களுக்கு வேண்டியது லோக்கல் மெஷின்.

3. சிஸ்டம் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதியைச் சேமியுங்கள்.

4. வலப்பக்கப் பட்டியலில் 'டோன்ட் டிஸ்பிளே லாஸ்ட் யூசர்நேம்' என்பது எல்லாச் சொல்லும் ஒட்டியபடி இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து 0 என்பதை 1 ஆக்கி ஓகே கொடுங்கள்.

சைன் அவுட் செய்து பாருங்கள். பெயர்ப் பட்டியல் போய், இரண்டு வெற்றுப் பெட்டிகள் வந்திருக்கும்.

புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் ரெஜிஸ்ட்ரியைத் தொடத் தேவையில்லை. லோக்கல் செக்யூரிட்டி பொலிசியைத் திறந்து, லோக்கல் பொலிசீஸுக்குள் செக்யூரிட்டி ஒப்ஷன்ஸ் போய், 'இன்டரக்டிவ் லொகொன்: டோன்ட் டிஸ்பிளே லாஸ்ட் சைன்ட் இன்' என்பதை 'எனேபிள்ட்' ஆக்கினால் போதும்.

ஒரு கணக்கை மட்டும் மறைக்கலாமா?

மறைக்கலாம். வின்லொகொன் என்ற பகுதிக்குள் 'ஸ்பெஷல் அக்கவுண்ட்ஸ்', அதற்குள் 'யூசர் லிஸ்ட்' என்று உருவாக்கி, கணக்கின் பெயரில் 'டீவேர்ட்' என்ற எண் பதிவொன்றை 0 என்று வைப்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இருக்கிற ஒரேயொரு அட்மின் கணக்கை இப்படி மறைத்துவிட்டுச் சாதாரணக் கணக்கில் இருந்தால், அனுமதி கேட்கும் பெட்டியில் தெரிவுசெய்ய ஒரு அட்மினும் இராது. ரெஜிஸ்ட்ரிக்குள் திரும்பப் போகவே வழி இல்லாமல் போய்விடும்.

இதெல்லாம் கியூவில் நிற்கிறவர்களின் கண்ணுக்கு மட்டுமான மறைப்பு. உள்ளே வந்துவிட்ட ஒருவர் சி டிரைவில் 'யூசர்ஸ்' போல்டரைத் திறந்தால் பெரும்பாலான பெயர்களை அங்கேயே வாசித்துவிடலாம். ஆகவே கடவுச்சொல்லையும் கையோடு மாற்றிவிடுங்கள். பழையபடி பெயர்கள் தெரியவேண்டுமென்றால் அதே இடத்துக்குப் போய் 1 என்பதை 0 ஆக்குங்கள்.